சோதித்துப் பார்த்துவிட்டுத்தானே போட்டேன்?

கேள்வி: “பிரபல தொழிலதிபர் ஒருவர் பேசும் விளம்பரத்தை ஃபேஸ்புக்கில் பார்த்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். தினமும் பங்குச் சந்தைப் பாடம் நடத்தினார்கள். அவர்கள் சொன்ன ஆப்பில் முதலில் சிறு தொகை போட்டேன், லாபம் காட்டியது. சோதிப்பதற்காகக் கொஞ்சம் வெளியே எடுத்தேன், வங்கிக் கணக்குக்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் சேமிப்பு முழுவதையும் போட்டேன், கடனும் வாங்கிப் போட்டேன். இப்போது எடுக்கப் போனால், லாபத்தில் 20 சதவீதம் வரி கட்டினால்தான் பணத்தை விடுவிப்போம் என்கிறார்கள். கட்டலாமா? சோதித்துப் பார்த்துவிட்டுத்தானே போட்டேன், எங்கே தவறினேன்? என் கணவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.”

கட்டாதீர்கள். சல்லிக் காசு கூட அனுப்பாதீர்கள். மற்றதை எல்லாம் இதற்குப் பிறகு பேசலாம்.

வரி என்றால் அரசாங்கத்துக்குப் போக வேண்டும். ஆப்பை நடத்துகிறவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏதோ ஒரு கணக்கு எண்ணுக்கோ கிரிப்டோ முகவரிக்கோ போகாது. இதைவிட எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரில் அவ்வளவு பணம் அங்கே இருக்கிறதென்றால், அதிலேயே 20 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடலாமே? ஏன் வெளியிலிருந்து புதிதாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள்? கழிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை, அதனால்தான்.

இதை அவர்களிடமே கேட்டு மடக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பதில் தயாராக இருக்கும். பணமோசடித் தடுப்பு விதி, முடக்கப்பட்ட கணக்கு, மேலிடத்து உத்தரவு என்று முத்திரை குத்திய கடிதமே வரும். நம்பிக் கட்டினால் அடுத்த வாரம் சரிபார்ப்புக் கட்டணம், அதற்கப்புறம் தாமத அபராதம், அதற்கும் அப்புறம் கணக்கை மேல்நிலைக்கு மாற்ற ஒரு வைப்புத்தொகை. நான் ஒரு வங்கியின் மோசடிப் புகார் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். ஆரம்பத்தில் போட்டதைவிட இந்தக் கடைசிக் கட்டத்தில் அதிகமாக இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சம்பாதிக்கும் ஆசையைவிட, போட்டதை மீட்க வேண்டும் என்ற தவிப்புக்கு வேகம் அதிகம். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்று செய்ய வேண்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வங்கியை உடனே கூப்பிடுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் எண்ணில் வேண்டாம், போலி உதவி எண்கள் அங்கேயும் உண்டு. ஏடிஎம் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணில் கூப்பிடுங்கள். “முதலீட்டு மோசடியில் ஏமாந்துவிட்டேன், இந்தந்தப் பரிமாற்றங்களைத் திரும்பப் பெற முயற்சி செய்யுங்கள்” என்று நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்து, ‘பணம் தவறிப் போய்விட்டது’ என்கிற மாதிரிச் சொன்னால் புகார் வேறு வரிசையில் போய் நிற்கும். அடுத்தது காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு. புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவரிடம் பேசுவதற்கும் அது பிறகு தேவைப்படும்.

அவர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. கமிஷனுக்காகத் தங்கள் வங்கிக் கணக்கை அடுத்தவருக்கு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வங்கியில் அவற்றை மியூல் கணக்கு என்போம். நீங்கள் அனுப்பிய தொகை அப்படி ஒரு கணக்கில் இறங்கி, அங்கிருந்து நாலைந்து கணக்குகளுக்குச் சிதறி, கடைசியில் கிரிப்டோவாக மாறி நாடு கடந்துவிடும். சில மணி நேரம் போதும். முதல் கணக்கை முடக்கும்போது அதில் ஏதாவது மிச்சம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் எல்லாம் போச்சு என்று பலரும் புகாரே கொடுப்பதில்லை. அது தப்பு. பிட்காயினானாலும், டாலர் மதிப்போடு இணைக்கப்பட்ட டெதர் என்ற கிரிப்டோ நாணயமானாலும், ஒவ்வொரு பரிமாற்றமும் எல்லோரும் பார்க்கக்கூடிய பேரேட்டில் பதிவாகிறது. டெதரை வெளியிடும் நிறுவனம், காவல்துறை கேட்டால் ஒரு முகவரியில் இருக்கும் நாணயத்தை அசையவிடாமல் நிறுத்திவைக்க முடியும். 2023 நவம்பரில் தென்கிழக்கு ஆசிய மோசடிக் கும்பல்களோடு தொடர்புடைய சுமார் 22.5 கோடி டாலர் மதிப்புள்ள டெதர் அப்படி முடக்கப்பட்டது. அதனால் ஒவ்வொரு பரிமாற்றத்தின் அடையாள எண்ணையும், நீங்கள் அனுப்பிய முகவரியையும் எழுத்துப் பிசகாமல் புகாரில் கொடுங்கள்.

குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறிவிடாதீர்கள். வெளியேறினாலோ, சண்டை போட்டாலோ நிமிடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். முதலில் உரையாடல், ஆப்பின் திரை, கணக்கு எண்கள், அந்த விளம்பரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ‘உதவி செய்கிறேன்’ என்று உங்கள் போனை வேறொருவர் தூரத்திலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் மாதிரி ஆப் ஏதாவது போடச் சொல்லியிருந்தால் அதை நீக்கிவிட்டு, கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்து அனுப்பியிருந்தால், உங்கள் பெயரில் வேறு கடன் ஏதாவது முளைக்கிறதா என்று சில மாதம் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு திரும்பி வரும்? பொய் சொல்ல மாட்டேன், பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பகுதி வருவதில்லை. பிரிட்டனில் மட்டும் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக் கணக்குக்கு அனுப்பிய பணத்தில் 85 ஆயிரம் பவுண்டு வரை வங்கிகளே ஈடு செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதிலும் கிரிப்டோவாக அனுப்பியது சேராது. மற்ற இடங்களில் எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘சோதித்துப் பார்த்துவிட்டுத்தானே போட்டேன்.’ என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதே வாக்கியத்தைச் சொன்னார்கள். நீங்கள் சோதிக்காமல் போனதால் ஏமாறவில்லை. சோதித்ததால்தான் ஏமாந்தீர்கள்.

அவர்கள் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். எச்சரிக்கையான ஆள் ஒருவர் வருகிறார். சிறு தொகை போடுகிறார், எடுத்துப் பார்க்கிறார். அந்தச் சிறு தொகையை மறுத்தால் ஆள் போய்விடுவார். கொடுத்தால், இனி அவர் தன்னையே சாட்சியாக வைத்துக்கொள்வார். வேறு யார் எச்சரித்தாலும், “நானே எடுத்துப் பார்த்தேன்” என்று வாதாடுவார். உங்களுக்கு வந்த அந்தப் பணம் பெரும்பாலும் உங்களைப் போல வேறு யாரோ அன்றைக்குப் போட்ட பணமாகத்தான் இருக்கும். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கும் பழைய வேலைதான். அவர்களுடைய கணக்கில் அது விளம்பரச் செலவு.

நூறு வருடத்துக்கு முன்பே சார்லஸ் போன்சி இதைச் செய்து காட்டிவிட்டார். 1920-ல் பாஸ்டனில், 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். தபால்தலையாக மாற்றிக்கொள்ளக்கூடிய வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை மலிவாக வாங்கி விலை உயர்ந்த இடத்தில் மாற்றுவதாகக் கதை. முதலில் வந்தவர்களுக்குச் சொன்னபடி கொடுத்தார், பிறகு வந்தவர்களின் பணத்திலிருந்து. கையில் பணம் வாங்கியவர்கள் தெருத்தெருவாகப் போய் விளம்பரம் செய்தார்கள். கூலி இல்லாத விளம்பரம்! அதை உடைத்தது ஒரு எளிய கணக்கு. கிளாரன்ஸ் பேரன் என்ற பொருளாதாரப் பத்திரிகையாளர், போன்சி வாங்கிய முதலீட்டுக்கு 16 கோடி கூப்பன்கள் புழக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் உலகத்திலேயே சுமார் 27 ஆயிரம்தான் இருக்கின்றன என்று காட்டினார். கவனியுங்கள், அவர் போன்சியிடம் ஆயிரம் டாலரைப் போட்டு எடுத்துப் பார்த்துச் சோதிக்கவில்லை. போன்சியின் கை எட்டாத இடத்தில் போய்ச் சோதித்தார்.

நீங்கள் சோதித்ததெல்லாம் அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே. ஆப் அவர்களுடையது. அதில் ஓடும் பங்கு விலையும் வரைபடமும் நிஜச் சந்தையிலிருந்து வருவதாக இருக்கலாம், வேறு தளத்தோடு ஒப்பிட்டால் சரியாகவே இருக்கும். உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் இருப்புத் தொகை மட்டும் யாரோ ஒருவர் விசைப்பலகையில் தட்டியது. நீங்கள் ‘வாங்கு’ என்று அழுத்தியபோது எந்தச் சந்தையிலும் எதுவும் வாங்கப்படவில்லை. வாடிக்கையாளர் சேவை அவர்களுடைய ஆள். குழுவில் இருந்த நூறு பேரில் நிஜமான ஆட்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? ‘இன்று என் மகள் படிப்புச் செலவுக்கு எடுத்துவிட்டேன், குருவே நன்றி’ என்று எழுதியவர், ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று எழுதியவர், அவருக்குத் தைரியம் சொன்னவர், மூன்று பேரும் ஒரே மேசையில் மூன்று போன்களோடு உட்கார்ந்திருக்கும் ஒரே ஆளாக இருக்கலாம். சந்தேகப்படுகிற பாத்திரத்தையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். உங்கள் மனதில் இருப்பதை வேறொருவர் கேட்டு, அதற்குப் பதிலும் கிடைத்துவிட்டால் நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை பாருங்கள்.

விளம்பரத்தில் பேசிய தொழிலதிபரும் அப்படித்தான். பிரிட்டனில் மார்ட்டின் லூயிஸ் என்று ஒருவர் இருக்கிறார், மக்களுக்குப் பண விஷயத்தில் ஆலோசனை சொல்கிறவர். விளம்பரங்களில் நடிப்பதே இல்லை என்று அறிவித்தவர். அவருடைய முகத்தை வைத்தே ஃபேஸ்புக்கில் போலி விளம்பரங்கள் குவிந்தன. 2018-ல் வழக்குப் போட்டார். 2019-ல் சமரசமானது, மோசடித் தடுப்புத் திட்டத்துக்கு 30 லட்சம் பவுண்டு அளவுக்கு உதவுவதாக ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதோடு நின்றதா? 2023-ல் செயற்கை நுண்ணறிவால் செய்த காணொளியில் அவர் குரலிலேயே அவர் ஒரு முதலீட்டைப் பரிந்துரைத்தார். சொந்தக் குரல், சொந்த முகம், சொல்லாத சொல்.

போலி முகம்கூட வேண்டாம், நிஜக் கணக்கிலிருந்தே வரலாம். 2020 ஜூலை 15 அன்று பராக் ஒபாமா, பில் கேட்ஸ், ஈலான் மஸ்க் ஆகியோரின் உண்மையான ட்விட்டர் கணக்குகளே ஊடுருவப்பட்டு, ‘பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன்’ என்று பதிவு வந்தது. சில மணி நேரத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது. பெயருக்குப் பக்கத்தில் நீல டிக் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வீட்டுக்குள் செய்யும் சோதனைதான்.

இந்த மோசடியில் எனக்கு மிகவும் தந்திரமாகப் படுவது அந்த ‘பாடம்’. பல வாரம் பணமே கேட்க மாட்டார்கள். தினமும் ஒரு மணி நேரம், வரைபடம் எப்படிப் படிப்பது, நஷ்டத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று சொல்லித் தருவார்கள். அதில் பாதி நிஜமான பாடமாகவே இருக்கும். வருகைப் பதிவு, வீட்டுப்பாடம், சின்னச் சின்னப் பரிசு எல்லாம் உண்டு. பணம் கேட்காமல் இத்தனை நாள் சொல்லிக்கொடுத்தவர் மேல் ஒரு நன்றிக்கடன் வந்துவிடும். அதைவிட முக்கியம், நீங்களே கற்றுக்கொண்டு நீங்களே எடுத்த முடிவு என்ற எண்ணம் வந்துவிடும். பிறகு வெளியிலிருந்து யாராவது ‘இது மோசடி மாதிரி இருக்கிறதே’ என்றால், அவர் சந்தேகப்படுவது உங்கள் அறிவையே என்று தோன்றும். நான் வங்கியில் பணம் அனுப்ப வந்தவர்களைத் தடுத்துப் பார்த்திருக்கிறேன். என்மேல்தான் கோபப்பட்டார்கள். ‘வங்கிக்காரர்கள் தடுப்பார்கள், வீட்டுச் சாமான் வாங்க என்று சொல்லுங்கள்’ என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருப்பார்கள். உங்களுக்கும் அப்படிச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

இன்னொரு கிளையும் இருக்கிறது. ‘மன்னிக்கவும், எண் மாறி வந்துவிட்டது’ என்று ஆரம்பிக்கும் நட்பு, மெல்ல அன்பாகி, பிறகு ‘என் மாமா சொல்லிக் கொடுத்த முதலீடு’ என்று முடியும். சீனக் கும்பல்கள் இதற்குப் பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்று பெயர் வைத்தன. அந்தப் பெயரே உலகம் முழுக்கப் பரவியது. பாதிக்கப்பட்டவரைப் பன்றி என்றால் அவர் எப்படிப் புகார் கொடுக்க வருவார்? 2024 டிசம்பரில் இன்டர்போல் அந்தச் சொல்லை விடச் சொன்னது. நல்ல வேலை.

பெயரைச் சொன்னதும் பழமொழி ஞாபகம் வருகிறது. உங்கள் கதையைக் கேட்கிறவர்களில் யாராவது ஒருவர் ‘பேராசை பெருநஷ்டம்’ என்று சொல்லத்தான் போகிறார். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆசை எல்லோருக்கும்தான் இருக்கிறது, எல்லோரும் மாட்டுவதில்லை. அமெரிக்காவில் போன்சி பாணியிலேயே பெரிய முதலீட்டு மோசடி நடத்திய பெர்னார்ட் மேடாஃப் யாருக்கும் இரட்டிப்பு லாபம் காட்டவில்லை. வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம், ஏற்ற இறக்கம் இல்லாமல். அவரிடம் போட்டவர்கள் அடக்கமான, பத்திரமான முதலீடு என்று நம்பித்தான் போட்டார்கள். 2008 டிசம்பரில் அவர் கைதானபோது வாடிக்கையாளர்களின் அறிக்கைகளில் இருந்த மொத்தத் தொகை சுமார் 6,480 கோடி டாலர். எல்லாம் காகிதத்தில். அதற்கு முன் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பே பல தடவை விசாரித்தும் கண்டுபிடிக்கத் தவறியிருந்தது.

படித்தவர்கள் மாட்ட மாட்டார்கள் என்கிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஷான் ஹேன்ஸ். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு சிறிய வங்கியின் தலைமை அதிகாரி. பணம்தான் அவர் தொழில். வாட்ஸ்அப் வழியாக வந்த கிரிப்டோ முதலீட்டில் முதலில் தன் பணத்தைப் போட்டார். பிறகு ஒரு தேவாலயத்தின் பணம், ஒரு முதலீட்டு மன்றத்தின் பணம், சொந்த மகளின் கல்லூரிச் சேமிப்பு. கடைசியில், 2023-ல் சில வார இடைவெளியில், வங்கியிலிருந்தே சுமார் 4.7 கோடி டாலர். அந்த ஜூலையில் வங்கி மூடப்பட்டது. 2024-ல் அவருக்கு 24 வருடத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் செய்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வங்கித் தலைவரே திரையில் தெரிந்த எண்ணை நிஜப் பணம் என்று நம்பி, இன்னும் கொஞ்சம் அனுப்பினால் மொத்தமும் கைக்கு வரும் என்று அனுப்பிக்கொண்டே இருந்தார் என்பதைப் பாருங்கள். உங்களிடம் கேட்கும் ‘வரி’யும் அதே ‘இன்னும் கொஞ்சம்’தான்.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, 2024-ல் இந்த வகை கிரிப்டோ மோசடியில் சிக்கியிருப்பவர்களைத் தானே கண்டுபிடித்து, கூப்பிட்டு எச்சரிக்கத் தொடங்கியது. கூப்பிட்டபோது, தாங்கள் ஏமாற்றப்படுகிறோம் என்பதே அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. நீங்கள் வரி கேட்டவுடன் சந்தேகப்பட்டு வந்து கேட்கிறீர்கள். அந்த நால்வரில் ஒருவர் நீங்கள்.

மறுமுனையில் இருப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களோடு இத்தனை வாரம் கனிவாகப் பேசிய ‘உதவியாளர்’ யாரென்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. 2023 ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின்படி, மியான்மரில் குறைந்தது 1 லட்சத்து 20 ஆயிரம் பேரும் கம்போடியாவில் சுமார் 1 லட்சம் பேரும் இணைய மோசடி வேலையில் கட்டாயமாக அடைத்துவைக்கப்பட்டிருக்கலாம். நல்ல வேலை என்று விளம்பரம் பார்த்துப் போய், கடவுச்சீட்டைப் பறிகொடுத்து, இலக்கை எட்டாவிட்டால் அடி வாங்குகிறவர்கள். அவர்களும் ஒரு சமூக ஊடக விளம்பரத்தில்தான் மாட்டினார்கள். இதை உங்கள் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அங்கே திட்டி எழுதினால் மனம் மாறி யாராவது பணத்தைத் திருப்பித் தருவார் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த நாற்காலியில் இருப்பவர் கையில் எதுவும் இல்லை.

இனி யாராவது முதலீடு என்று வந்தால் எங்கே சோதிப்பது? அவர்கள் அனுப்பிய இணைப்பு, சான்றிதழ், தொலைபேசி எண் எதையும் தொடாமல், நீங்களாகவே போய்ச் சேரும் இடத்தில். எந்த நாட்டிலும் முதலீட்டு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கும் ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு இருக்கும், அதன் தளத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. நிஜ நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் திருடிப் போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய. அந்தப் பட்டியலில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டு, ‘இந்த ஆப் உங்களுடையதா?’ என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. உலக அளவில் இந்தக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் கூட்டமைப்பான ஐயோஸ்கோ, பல நாடுகள் வெளியிட்ட எச்சரிக்கைகளை ஒரே இடத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. இணையதளம் எப்போது பதிவு செய்யப்பட்டது என்பதையும் இலவசமாகப் பார்க்கலாம். ‘பதினைந்து வருட அனுபவம்’ என்று சொல்லும் நிறுவனத்தின் தளம் போன மாதம் பிறந்திருந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

அப்புறம் கணக்கு. போன்சியை உடைத்த பத்திரிகையாளர் கிளாரன்ஸ் பேரன் செய்த மாதிரி. ‘தினம் ஒரு சதவீதம்தானே’ என்று கேட்டால் சாதுவாகத் தெரியும். அதை அப்படியே திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் ஒரு வருடத்தில் கிட்டத்தட்ட 38 மடங்காகும். ஐந்து வருடத்தில் ஏழு கோடி மடங்குக்கு மேல். ஆயிரம் போட்டவர் ஏழாயிரம் கோடிக்கு அதிபதி. இது உண்மையானால் இதை நடத்துகிறவர் உங்கள் ஆயிரத்தைத் தேடி ஏன் வாட்ஸ்அப்பில் அலைகிறார்? பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ முதலீட்டுத் திட்டம் ஏறக்குறைய இந்த விகிதத்தைத்தான் காட்டியது. யூடியூபில் பலர் அதைப் புகழ்ந்து, ஆள் சேர்த்துக் கமிஷன் வாங்கினார்கள். 2018 ஜனவரியில் அது சரிந்தது. இத்தனைக்கும் அப்போது கால்குலேட்டர் எல்லோர் போனிலும் இருந்தது!

கடைசியாக ஒரு ஆபத்து. இது வராமல் இருக்காது. சில வாரத்தில் உங்களை யாராவது தொடர்புகொள்வார்கள். இழந்த கிரிப்டோவை மீட்டுத்தரும் நிபுணர், சர்வதேச வழக்கறிஞர், ஏன், காவல் அதிகாரி என்றுகூடச் சொல்லிக்கொண்டு. நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரிந்திருக்கும், அதனாலேயே நம்பிக்கை வரும். அவருக்கு எப்படித் தெரியும்? ஏமாற்றியவர்களே அவர், அல்லது ஏமாந்தவர்களின் பட்டியலை அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியவர். ‘பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்கச் சிறு கட்டணம்’ என்பார். பட்ட காலிலே படும் என்பது இந்த இடத்துக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும். சமூக ஊடகத்தில் உங்கள் கதையைப் புலம்பி எழுதினால் கீழே கருத்துப் பெட்டியில் முதலில் வந்து நிற்பதும் இவர்கள்தான். பணத்தை மீட்க முன்பணம் கேட்கிற யாராக இருந்தாலும், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணவர். இன்று இரவே சொல்லிவிடுங்கள். நாளைக் காலை அந்த ‘உதவியாளர்’ மறுபடி செய்தி அனுப்புவார், வரிக்கு இன்றுதான் கடைசி நாள் என்பார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் தனியாக இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வேலை செய்யும். ‘இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்’ என்று அவர்கள் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்ததும் அதனால்தான்.

சொல்லும்போது முழுத் தொகையையும், கடனையும் சேர்த்து ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியை மறைத்து, பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பணம் போனதைவிட அதுதான் அதிகம் உடைத்தது. அவர் கோபப்படலாம், ஒரு நாள் பேசாமல்கூட இருக்கலாம். உங்களுக்கு மனம் மிகவும் கனத்து, இருந்து என்ன பயன் என்கிற மாதிரி எண்ணம் ஏதாவது வந்தால், அதை மறைக்காமல் அவரிடமோ ஒரு மருத்துவரிடமோ சொல்லுங்கள். இந்த மோசடிக்குப் பிறகு அப்படி எண்ணம் வருவது புதிதல்ல.

பேச உட்காரும் முன் வங்கிக்குப் போன் செய்து முடித்திருங்கள். புகார் எண், அனுப்பிய தேதிகள், கடன் விவரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எப்படிச் சொல்வது என்று வார்த்தை வராவிட்டால் அந்தத் தாளை அவரிடம் நீட்டிவிடுங்கள்.